விக்கல் எடுத்த படகு

சான்ட்வேர் தீவு, வட நார்வே
9 பிப்ரவரி 1964

அன்புத் தம்பி ஐவினுக்கு,

அக்கா போர்கில்ட் எழுதுவது. நானும் சுனிவாவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் வேண்டும், அதனால் எழுதுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டையை உள்ளே போடு, மேலே போட்டுக்கொண்டு மினுக்காதே.

தந்தி கிடைத்திருக்கும். உன் அத்தான் டோர்லைஃப் ஜனவரிப் புயலன்று வலை இழுக்கப் போனவர் திரும்பவில்லை. மீட்புப் படகு கலங்கரை விளக்குக்கு வெளியே நாள் கணக்கில் தேடியது. ஒரு துடுப்பும் மீன்தொட்டியும்தான் மிஞ்சின. பாதிரியார் வந்து, "கடலும் ஆண்டவரோட கல்லறைதாம்மா" என்றார். ஆண்டவருக்குச் சரி, எனக்குச் சரியில்லை என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பயல்கள் சுனிவாவிடம், "உங்கப்பா ட்ரௌக் ஆயிட்டாரு, பாதிப் படகுல வந்து உன்னையும் கூட்டிட்டுப் போவாரு" என்கிறார்கள். மண்ணுக்குள் போகாத மீனவன் அப்படிக் கடல்பேயாக அலைவான் என்று நாமும் சிறு வயதில் கேட்டு நடுங்கியவர்கள்தானே. அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். சாயங்காலமானால் ஜன்னலில் நிற்கிறாள். "அம்மா, அப்பா எஞ்சின் சத்தம் கேக்குது" என்கிறாள். அடித்து உட்கார வைக்கலாம் என்றால், தம்பி, எனக்கும் கேட்கிறது.

எனக்கு அவர் உடம்பு வேண்டும். அதை மண்ணில் வைத்தால்தான் என் பிள்ளை தூங்குவாள். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா

---

அளவை நிலையம்
23 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தையும், அதை எனக்கு முன்பே படித்துவிட்டு நன்றாக ஒட்டித் தந்தவர்களையும் வணங்குகிறேன். இங்கே எனக்கு வரும் கடிதமும் நான் போடும் கடிதமும் அப்படித்தான் பயணம் செய்கின்றன.

அத்தானைப் பற்றி என்ன எழுதுவது? கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்குக் கொடுத்த கத்தி மேசை மேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடினேன். புயலன்று எனக்கு வேலை முறை இல்லை. படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மீன்களை அளக்கும் வேலை எப்போதும்போல் நடக்கிறது. இங்கே பனி அதிகம். சுனிவாவுக்கு வண்ணப் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஐவின்

---

சான்ட்வேர்
2 மார்ச்

தம்பி,

பென்சில் வந்தது. எல்லாப் படத்திலும் கறுப்புப் பென்சில் மட்டும் தேய்கிறது.

மீனை அளக்கிறாயாம்! கல்லுளிமங்கா, யாரிடம் கதை விடுகிறாய்? கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு கோப்பை உள்ளே போனதும், "அத்தான், கடலுக்கு அடியில நாங்க காது வச்சிருக்கோம்"னு உளறிவிட்டு, சுவரைப்போல் வெளுத்து உட்கார்ந்தது யார்? நானும் அவரும் அதைக் கேட்காத மாதிரி மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் போய்விட்டார். எனக்கு மறக்கவில்லை. இதை ஒட்டித் தருகிறவர் படித்தால் படிக்கட்டும். உன்னைத் திட்ட அவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

உனக்குச் சிறை என்றால் எனக்கும் வேண்டாம். ஆனால் நீ என் தம்பி. எதையும் நேராகச் சொல்லத் தெரியாத தம்பி. எப்படியாவது சொல்.

ஊரில் பழைய பேச்சு ஒன்று கிளம்பியிருக்கிறது. மூழ்கினவனைத் தேடும்போது படகில் ஒரு சேவலை வைத்துக்கொண்டு போக வேண்டும், உடம்புக்கு நேர் மேலே வந்தால் அது கூவும் என்பார்களே, அதுதான். கடைக்கார ஹியோர்டிஸ் தன் சேவலைத் தருகிறேன் என்றாள். அதற்கு பிஷப் என்று பேர். "பிஷப்பு பொய் சொல்ல மாட்டாரு போர்கில்ட், பாதிரியாரவிட நம்பிக்கையானவரு" என்கிறாள். சேவலை எங்கே என்று கொண்டு போவது? கடல் என்ன நம் உருளைக்கிழங்குத் தோட்டமா?

அக்கா

---

அளவை நிலையம்
21 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

நீ திட்டியதும் எனக்குச் சிறு வயது ஞாபகம் வந்துவிட்டது. மூடுபனி நாளில் அப்பாவைத் தேடி நீ வடக்குப் பாறையிலும் நான் தெற்குப் பாறையிலும் நிற்போமே. எஞ்சின் சத்தம் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும். நீ முதலில் தூக்கினால் அப்பா வடக்கிலிருந்து வருகிறார். நான் முதலில் என்றால் தெற்கு. இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கினால் நேர் எதிரே. எவ்வளவு முந்துகிறது என்பதை வைத்து எங்கே என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று பீற்றிக்கொள்வோம்.

ஆனால் சண்டையும் அதில்தான் வரும். ஒரு டொக் மாதிரியேதான் அடுத்த டொக்கும் இருக்கும். நீ கை தூக்கியது எந்த டொக்குக்கு, நான் தூக்கியது எந்த டொக்குக்கு? ஒன்று தவறினால் அப்பாவைக் கொண்டுபோய் வேறு கடலில் வைத்துவிடுவோம். பெரியவர்களான பிறகும் மனிதர்கள் இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். பாறைக்குப் பதில் வேறு ஏதோ. கைக்குப் பதில் காகிதச் சுருள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, கோடு கோட்டோடு பொருந்தும்வரை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அது இருக்கட்டும். அப்பா தட்டைமீன் பிடிக்கப் போகும் இடம் உனக்கு நினைவிருக்கிறதா? கரையில் இரண்டு குறி வைத்திருந்தாரே. தேவாலயக் கோபுரம் மொட்டைப் பாறையின் இடது தோளில் வந்து உட்கார வேண்டும். மறுபக்கம் குதிரை மலையின் பிளவு திறந்து, உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலைப் போடுவார். இந்த வசந்தத்தில் யாராவது போனால் நல்ல மீன் கிடைக்கும்.

சுனிவாவுக்கு முத்தம்.
ஐவின்

---

சான்ட்வேர்
12 ஏப்ரல்

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அப்பா ஆயுசில் தட்டைமீன் பிடித்ததில்லை. காட் மீனைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அதனால் உன் கடிதத்தை ஒரே தடவையில் புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு பெடர் படகைத் தந்தார், தானும் வந்தார். எனக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று ஊர் கேட்குமே? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் பிஷப்பைச் சாக்குப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பையிலேயே என் பின்னலூசி. கோபுரம் பாறைத் தோளில் உட்கார்ந்தது, மலைப் பிளவு திறந்தது, நான் ஒரு குத்து குத்தினேன். பிஷப் கடலே அதிரக் கூவினார். பெடர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மூன்று நாள் பாதாளக் கரண்டியை அடியில் போட்டு இழுத்தோம். கடற்பாசியும் ஒரு பழைய நங்கூரமும் வந்தன. மூன்றாம் நாள் பெடர் என் முகத்தைப் பார்க்காமல், "போதும் போர்கில்ட். சேவலுக்கு என்ன தெரியும், பசிச்சிருக்கும்" என்றார். ஊர் முழுக்கச் சிரிப்பு. ஹியோர்டிஸ் தன் சேவலுக்கு மானக்கேடு வந்துவிட்டது என்று என்னோடு பேசவில்லை.

சுனிவாவுக்கு அன்றிரவு காய்ச்சல். "அப்பாவுக்கு வீட்டுக்கு வர வழி தெரியலையாம்மா?" என்று கேட்டாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன்.

நீ கேட்டது வேறு யாருடைய படகோ. அவர் எஞ்சினை ஊரில் கண்ணில்லாதவனும் அடையாளம் சொல்வான். டொக் டொக் டொக் என்று வந்துகொண்டே இருந்து, நடுவில் ஒன்றை முழுங்கிவிடும். விக்கல் எடுத்த படகு என்றுதான் துறையில் பேர். போன இலையுதிர் காலத்திலிருந்து சரிசெய்கிறேன், சரிசெய்கிறேன் என்றார். சுனிவா ஜன்னலில் நின்று வாயால் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள், முழுங்குவதையும் சேர்த்து. 

இனி எழுதாதே.

போர்கில்ட்

---

அளவை நிலையம்
17 ஏப்ரல்

அக்கா,

என்ன விக்கல்? நான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது படகு கரையேற்றிக் கிடந்ததே, நான் கேட்கவே இல்லையே! எப்போதெல்லாம் விக்கும்? சுனிவாவைக் கேட்டு உடனே எழுது. கெஞ்சிக் கேட்கிறேன். இந்தத் தபால் கப்பலிலேயே போடு.

ஐவின்

---

சான்ட்வேர்
21 ஏப்ரல்

மாமா,

நான் சுனிவா. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மா உங்ககூட டூ. அதனால நான் எழுதறேன்.

அப்பா படகு வேகமா வந்தா விக்காது. மெதுவா வந்தாதான் விக்கும். வலை இழுக்கறப்ப விக்கும். சின்ன விக்கல் ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பெரிய விக்கல் ஒண்ணு. பெரிய விக்கல் வந்தா அப்பா "எனக்கு வேண்டாம், நீயே சாப்பிடு"ன்னு எஞ்சின்கிட்ட சொல்லுவாரு. நான் சிரிப்பேன்.

நீங்க அதைக் கேட்டா என்கிட்டச் சொல்லுவீங்களா?

சுனிவா

---

அளவை நிலையம்
10 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் குறையும்வரை காத்திருக்க நேரமில்லை, எழுதிவிடுகிறேன். சுனிவாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

இங்கே எங்களிடம் கோடு போடும் பேனாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: திடீரென்று மை வராமல் ஒரு இடத்தைத் தாண்டிவிடும். கோட்டில் எங்கே வெற்றிடம் தெரிந்தாலும், "பேனா தாண்டிருச்சு" என்று சொல்லிப் பென்சிலால் நிரப்பிவிடுவது நிலையத்து வழக்கம். நானும் நிரப்பினேன். எல்லாத் தாண்டலும் பேனாவின் தாண்டல் இல்லை என்று ஒரு குழந்தை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிரப்பியதை எல்லாம் ரப்பரால் அழித்தேன். சின்ன விக்கல், பெரிய விக்கல். இரண்டு சுருளிலும் அப்படியே இருந்தன. விக்கலோடு விக்கலை வைத்தால் பாறைகளுக்குள் சண்டையே இல்லை. முன்பு நான் பொருத்தியது பல டொக் தள்ளி.

எனக்கு வயதாகிறது போலிருக்கிறது. அப்பாவின் குறியைத் தவறாக எழுதிவிட்டேன். கோபுரம் உட்காருவது மொட்டைப் பாறையில் இல்லை, அதற்கு வடக்கே இருக்கும் இரட்டைப் பாறையின் இடுக்கில். அது சுத்தமான கோடு, தலையை அடகு வைக்கிறேன். மற்றக் கோடு குதிரை மலையின் பிடரி, கலங்கரை விளக்கின் மேல். அது மங்கல். விளக்கிலிருந்து சற்று இப்படியோ அப்படியோ இருக்கலாம், அதற்குமேல் என்னால் இறுக்க முடியவில்லை. கோபுரத்தை இடுக்கில் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாகப் போய் வந்தால் மீன் கிடைக்கும்.

எல்லாச் சத்தத்துக்கும் இடம் கண்டுபிடித்துவிட முடியாது, அக்கா. ஒரு பாறையில் மட்டும் கேட்டு, மற்றப் பாறையில் கேட்காமலே போகும் சத்தமும் இருக்கிறது. அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஒற்றைக் காதோடு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதை விடு.

பின்னலூசியை மறக்காதே.

ஐவின்

---

சான்ட்வேர்
2 ஜூன்

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். நீ சாப்பிடுகிறாயா?

அவரைக் கொண்டுவந்துவிட்டோம்.

பெடர் முதலில் மசியவில்லை. "மறுபடியும் சேவலா? என்னைப் பாத்து மீனுங்ககூடச் சிரிக்குது" என்றார். கடைசியில் அவர் மனைவி, "போய்ட்டு வாங்க, அவ கேக்கறது தன் புருஷனத்தானே, உங்க சொத்தையா கேட்டா?" என்று விரட்டினாள். ஹியோர்டிஸிடம் காலில் விழாத குறையாய்க் கேட்டு பிஷப்பை வாங்கினேன்.

கோபுரத்தை இரட்டைப் பாறை இடுக்கில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனோம். கலங்கரை விளக்கு மலைப் பிடரிக்கு இன்னும் வரவில்லை. ஒரு கயிற்று நீளம் பாக்கி. நான் ஊசியைத் தொடக்கூட இல்லை, ஐவின், நம் அம்மா மேல் ஆணை. பிஷப் தானாகக் கழுத்தை நீட்டிக் கூவினார். ஒரே ஒரு தடவை. கூவிவிட்டுப் பைக்குள் தலையை இழுத்துக்கொண்டு நடுங்கினார். பெடர் எஞ்சினை நிறுத்தினார்.  பாதாளக் கரண்டி முதல் இழுப்பிலேயே வலைக்கயிற்றைப் பிடித்தது.

நாற்பது பாகம், அதாவது இருநூற்று நாற்பது அடி ஆழம். இரண்டு பெரிய படகுகளின் கயிறு சுற்றும் பொறியை வைத்து அவர் படகைத் தூக்கி, கரையோரம் இழுத்து வந்தார்கள். அவர் படகின் முன்னறையில் இருந்தார். குளிர் அவரைப் பத்திரமாக வைத்திருந்தது. அந்த முரட்டுத் தாடி, அந்த அழுக்கு ஸ்வெட்டர், எல்லாம் அவர்தான். ஊரே அடக்கத்துக்கு வந்தது. சுனிவா குழிக்குள் ஒரு பென்சிலைப் போட்டாள். நீலப் பென்சில்.

பாதிரியார், "சட்டுனு முடிஞ்சிருக்கும்மா, கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார். மருத்துவரும் அதையே சொன்னார். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். எஞ்சின் எப்படி நின்றது? அதற்குப் பிறகு ஏதாவது இருந்ததா? ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா

---

அளவை நிலையம்
12 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அத்தான் மண்ணுக்குள் போனது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை.

சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இதை நீ நம்பலாம். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்கவே நேரமிருந்திருக்காது. பாதிரியார் சொன்னது சரி.

இங்கே இப்போது இரவே இல்லை, வெளிச்சம் கண்ணை மூட விடுவதில்லை. மற்றபடி எல்லாம் நலம்.

ஐவின்

---

சான்ட்வேர்
23 ஜூன், ஹான்ஸ் திருநாளுக்கு முந்தைய இரவு

என் தம்பி ஐவினுக்கு,

உன் கடிதம் வந்தது. கடற்கரையில் திருநாள் நெருப்பு எரிகிறது. சுனிவா பயல்களோடு போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில், "எங்கப்பா ட்ரௌக் இல்ல, எங்கப்பாவுக்குக் கல்லறை இருக்கு" என்று சொல்லி ஒருவன் மூக்கை உடைத்துவிட்டாளாம். வாத்தியார் புகார் சொல்ல வந்தார். மன்னிப்புக் கேட்டேன், உள்ளுக்குள் சந்தோஷம். இரவில் தூங்குகிறாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அது போதும். எனக்குப் போதாது.

நான்கு மாதமாக உண்மையை எல்லாம் சுற்றி வளைத்து எழுதினாய். தட்டைமீன், பேனா, பாறை என்று. பொய்யை மட்டும் நேராக எழுதியிருக்கிறாய். நீ சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான், திருடித் தின்றால்தான் நிமிர்ந்து பார்த்துப் பேசுவாய்.

ஒன்றை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். முன்னறைக்குள் முதலில் இறங்கியது பெடரும் நானும். உன் அத்தான் கையில் ஸ்பேனர் இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை. தலைக்கு மேலே பலகையில் ஸ்பேனர் அடித்த குழிகள், புதுக் குழிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. முன்னறையில் காற்று தங்கியிருந்திருக்கிறது. பெடர் என்னைப் பார்த்தார், நான் பெடரைப் பார்த்தேன். பெடர் ஸ்பேனரை மெதுவாக உருவித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பலகையைச் சாக்கால் மூடினார். "யாருக்கும் தெரிய வேணாம் போர்கில்ட்" என்றார். யாருக்கும் தெரியாது.

ஒரு பாறையில் மட்டும் கேட்ட சத்தம் என்று நீ எழுதினாயே. அன்று அந்த வரியை இரண்டு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பலகையைப் பார்த்ததும் பிடிபட்டது. அதனால்தான் உன்னைக் கேட்டேன். எனக்குத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. நீ அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாயா என்று பார்ப்பதற்காக. சட்டென்று நின்றது என்று எழுதியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னை நினைத்து.

இங்கே சாயங்காலம் எஞ்சின் சத்தம் வருவதில்லை. அடக்கத்தன்றோடு நின்றுவிட்டது. உனக்கு நின்றிருக்காது என்று தெரியும். கண்ணை மூட விடாதது வெளிச்சம் இல்லை, தம்பி.

லீவு போட்டுக்கொண்டு வா. கிடைக்காது என்றால் இருமல் என்று சொல். நீ தெற்குப் பாறையில் உட்கார், நான் வடக்கில் உட்காருகிறேன். அங்கே யாரும் கடிதம் பிரிக்க மாட்டார்கள். எப்படித் தட்டினார், விட்டு விட்டுத் தட்டினாரா, எப்போது ஓய்ந்தார், ஒன்றையும் விடாமல் சொல். ஒற்றைக் காதோடு ஒன்றும் செய்ய முடியாது என்று நீதானே எழுதினாய். சொல்லு, நான் கை தூக்குகிறேன்.

வரும்போது சுனிவாவுக்கு ஆரஞ்சு வாங்கி வா. பிஷப்புக்கும் நல்ல கோதுமையாக ஒரு பை.

உன் அக்கா,
போர்கில்ட்